விபூதி போட்டுத் துடைத்த லென்ஸ்

பூங்காவனம் என்ற பேரைச் சுலோசனா முதன்முதலில் கேட்டது அவள் பெரியப்பா மகள் கல்யாணத்தில். தாலி கட்டப் போகும் நேரம் பார்த்து, "பூங்காவனம் எங்கடா? அவன் வராம முடிச்சு போட்டுடாதீங்கப்பா" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார். கழுத்தில் கேமரா தொங்க ஒல்லியாய் ஒருத்தர் பந்தியிலிருந்து ஓடி வந்தார். மறுவருஷமே அவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கரையான்சாவடிக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கேமரா வாங்கக் கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்தவள் அவர் அக்கா வேம்புலியம்மாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, தம்பி வீட்டோடு தங்கிவிட்டாள்.

பிலிம் காலம் போனபின் கேமரா பீரோவுக்குள் ஏறியது. ஆயுதபூஜைக்கு மட்டும் இறங்கும். பூங்காவனம் தோலுறைமேல்தான் பொட்டு வைப்பார். போன ஆயுதபூஜைக்கு அவர் டெங்கு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுலோசனா கூட இருந்தாள். வீட்டில் அக்கா மட்டும்தான்.

தை பிறந்ததும் காட்டுப்பாக்கம் அடுக்குமாடியிலிருந்து ரோஹித் என்றொரு பையன் வந்தான். ஐ.டி.யில் வேலை. தன் நிச்சயதார்த்தத்தைப் பிலிமில் எடுக்க ஆள் தேடுகிறானாம். "இது நல்லா வந்தா கல்யாணமும் நீங்கதான் அங்கிள்."

பூங்காவனம் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார்.

"இன்னாடா, பொண்ணு பாக்கவா போற?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. சுலோசனாக்கு வயசாயிடுச்சு."

கிளம்புமுன் லென்ஸை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்குப் பளபளவென்றிருந்தது. அந்த ரகக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதும் கிடையாது; பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். நிச்சயதார்த்தத்தில் அதன் வழியே பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்றே தெரிந்தார்கள்.

படங்கள் கழுவி வந்தபோது ரோஹித் தயங்கித் தயங்கித்தான் நீட்டினான். சீரியல் லைட் எரிந்த இடமெல்லாம் வெள்ளை பரவியிருந்தது. பெண்ணின் முகம் புகைக்குள் நின்றது. கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டதாகத் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

பூங்காவனம் லென்ஸைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முடி முடியாக, வட்டம் வட்டமாகக் கீறல். விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலில் எடுத்துச் சுலோசனாவிடம் காட்டினார். விபூதி.

பாரிமுனையில் கேமரா ரிப்பேர் பார்ப்பவரிடம் இரண்டு பேரும் போனார்கள். "பூஞ்சைன்னா கயட்டித் தொடைச்சுக் குடுத்துடுவேன் நைனா. இது மேப்பூச்சே தேஞ்சிகீது. ஒண்ணும் பண்ண முடியாது. இதே லென்ஸ் இனிமே எங்க கெடைக்கும்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள். "இன்னா சொன்னான்?"

"பழசாயிடுச்சாம்க்கா."

"அவன் கெடக்கறான். நீ ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ நான்தானே பூசை போட்டேன்? சாமி படத்தத் தொடைக்கிற மாதிரி விபூதி போட்டு அயுத்தித் தேச்சு வெச்சேன். பளபளன்னு கீதா இல்லியா, சொல்லு."

சுலோசனாவுக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார். யார்மேல் கோபப்படுவது? தெரிந்தால் கிழவி சோற்றைத் தொடமாட்டாள்.

"கீதுக்கா," என்றார்.

பூங்காவனம் இப்போது பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், கடைக்காரரின் கேமராவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறார்.