முடவாட்டுக்கால் விற்ற பெருமை

நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கு வைத்தியருக்குக் கிடைக்கும் மரியாதை கிடைக்காது, வைத்தியருக்கு விழும் திட்டு மட்டும் தவறாமல் விழும். கடை வைத்து அவதிப்படும் அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் சீமைத் தைலங்கள் வரத்து நின்றதும், ராசிபுரத்து மூட்டுவலிக்காரர்கள் என் கடைக்கு வந்தார்கள். கொல்லிமலைக்காரி வெள்ளச்சி வாரச் சந்தைக்குச் சுமந்துவரும் முடவாட்டுக்கால் கிழங்கை எடுத்து நீட்டுவேன். பாறையில் ஒட்டி வளர்வது; மலைக்காரர்கள் சாறு வைத்துக் குடிப்பார்கள்.

சைவ அடுப்பு

கிழங்கின் மேல் பழுப்பு ரோமம் மண்டியிருக்கும், பார்வைக்கு அசல் ஆட்டுக்கால்தான். சைவ வாத்தியார் ஒருவர் வாங்கிப்போனது அரை மணியில் திரும்பி வந்தது, கூடவே அவர் சம்சாரமும். கிழங்குதான் என்று சத்தியம் செய்தேன். அந்தம்மாள் பொட்டலத்தைத் தொடாமலே கேட்டார்: "பாறையில மொளைச்சதுக்கு ரோமம் எதுக்குங்க?"

மாரப்பன் முழங்கால்

நெசவாளி மாரப்பனுக்கு முழங்கால் வீங்கி, தறிக்குழியில் காலை இறக்க முடியவில்லை. மூன்று சந்தைக்குள் தறியில் உட்காராவிட்டால் பாவு நூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். "கொதிக்க வெச்சுக் குடிங்க, ஓடுவீங்க" என்று மார்தட்டினேன்.

மூன்றாம் நாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். ரோமத்தோடு கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார்! தோலைச் சீவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. இத்தனை நாள் விற்றேனே தவிர, பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை, வெட்கக்கேடு. மாரப்பன் கரகரத்தார்: "காலு போனது பத்தாதுன்னு தொண்டையும் போச்சுங்களே!"

வெள்ளச்சி வைத்தியம்

சந்தையன்று தலையைச் சொறிந்துகொண்டு வெள்ளச்சியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு நேரே மாரப்பன் வீட்டுக்குப் போனார். தோலைச் சீவி, நசுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் காட்டினார்; தினமும் குடிக்கச் சொன்னார்.

மூன்றாவது சந்தையன்று இருவரும் போனோம். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. மாரப்பன் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க கடைச் சரக்காக்கும்!" என்றேன். வெள்ளச்சி சொன்னார்: "சரக்கு உங்க கடையிலதான் சாமி இருந்துச்சு, பக்குவம் எங்க மலையிலயில்ல இருந்துச்சு!"

முக்காலி

அடுத்த சந்தைக்கே கல்லாவுக்குப் பக்கத்தில் வெள்ளச்சிக்கு ஒரு முக்காலி போட்டேன். பக்குவத்தை அவர் வாயால் கேட்டுக்கொண்டால்தான் கிழங்கு. வாத்தியார் சம்சாரமும் எட்டிப் பார்த்தார். வெள்ளச்சி சீவிக் காட்டிய கிழங்கு உள்ளே வெளிர்பச்சையாக இருந்தது. அந்தம்மாள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "மொதலாளியம்மா, நல்லதாப் பாத்து ரெண்டு குடுங்க."

அன்று முதல் சந்தை நாளில் என் கடையில் நான் தராசு பிடிக்கிற ஆள்தான், அந்த உத்தியோகத்தில் எனக்கு இருக்கும் பெருமை கல்லாவில் உட்கார்ந்தபோதுகூட இருந்ததில்லை.