டபுள் ஷிப்ட் யோகா

ஸ்ரீவில்லிபுத்தூர் யோகா வகுப்பில் அம்மாவும் நானும் இருந்தோம். மில்லில் லீவு கிடைக்காததால் அப்பா வரவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவை, மருந்தோடு மெதுவான கைப்பயிற்சியும் செய்யச் சொல்லி டாக்டர்தான் அனுப்பியிருந்தார்.

ராஜபாளையம் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பயிற்சியை இரண்டு மடங்காக்கினார். "ஏலே, மில்லுல டபுள் ஷிப்ட் பாத்தவ நான். அம்புட்டும் செஞ்சா சீக்கிரம் சரியாயிரும்ல!" வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நானும் கைதட்டினேன்.

ஒரே வாரத்தில், அறுவை சிகிச்சை நடந்த பக்கம் அம்மாவின் கை வீங்கியது. நோய் திரும்பிவிட்டதோ என்று பதறி ஓடினோம். டாக்டர் சோதித்துவிட்டு, "நோயில்லம்மா, அளவுக்கு மீறிச் செஞ்சதால வந்த வீக்கம். கை என்ன மிஷினா?" என்று சிரித்தார்.

இப்போது நானும் கூடவே உட்கார்ந்து செய்கிறேன். சொன்ன அளவோடு நிறுத்துகிறோம். அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். எங்கள் அவசரத்துக்கு ஆன செலவு, வீக்கம் வடியக் கையில் மாட்டும் உறைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.