அம்மிக்கல்லுக்கு அடியில் ஒரு பேட்டரி

லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு நெஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டிருக்கிற எனக்கு அது கிடையாது, பொசுக்கென்று பதறிவிடுவேன். இதே பிழைப்பில் கிடந்து அல்லாடும் சகோதரர்களே, ஜெபா வீட்டுக் கதையைக் கேட்டால் உங்களுக்கும் பதறும்.

பீரோவில் சார்ஜர்

ஜெபா ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். "சார்ஜ் ஏற நாள் பூரா ஆகுது, இறங்க அரை மணி நேரம் போதும் அண்ணாச்சி. மீட்டிங் நடுவுல அணைஞ்சிருது. இன்னொரு தடவை அணைஞ்சா மெட்ராஸுக்கே வந்துருன்னுட்டாங்க. கைப்பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போவேன்?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

சார்ஜரைக் கேட்டேன். கூட வந்திருந்த புருஷன் ஆசீர் பையிலிருந்து எடுத்துத் தந்ததைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. செல்போன் சார்ஜர்! லேப்டாப்போடு வந்தது எங்கே என்று கத்தினேன். ஆசீர் பெருமையாகச் சொன்னான்: "அது கரண்ட நிறைய இழுக்கும்லா, பீரோவுல பூட்டி பத்திரமா வச்சிருக்கேன்."

அம்மிக்கல் வைத்தியம்

சரியான சார்ஜர் போட்டும் சார்ஜ் நிற்கவில்லை. அடுத்த வாரம் ஆசீர் மட்டும் வந்தான். லேப்டாப்பின் அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது. உள்ளே பேட்டரி வீங்கிக் கிடக்கிறது. எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினேன். குப்பென்று மிளகாய் வாடை.

"என்னலே இது?"

"ரெண்டு நாளா அம்மிக்கல்ல தூக்கி மேல வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி, வத்தவே மாட்டேங்கு."

தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "ஏலே, வெடிச்சிருந்தா? பிள்ளை இருக்க வீடுலே அது!"

"அது தெரியாதா? அதான் பிள்ளைப் பக்கத்துல வேண்டாம்னு, அப்பா கட்டிலுக்கு அடியில வச்சேன்."

தொட்டிலுக்கு ஃபேன்

புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே ஜெபா போனில் அழுகிறாள். "இதுவும் இறங்குது அண்ணாச்சி. இன்னிக்கு கரண்ட் கிடையாது, இப்ப மீட்டிங் வேற." மனசு கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். லேப்டாப்பில் வயர் மேல் வயராகச் செருகி ஆசீர் போன், அவன் அப்பா போன், அடுத்த வீட்டுப் போன், எல்லாம் சார்ஜ் ஏறுகின்றன. போதாதற்குத் தொட்டில் பக்கம் ஒரு குட்டி ஃபேனும் சுற்றுகிறது. அடப் பாவிகளா! நெட்டுக்கு வேண்டிய ஜெபா போனை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினேன். ஃபேன் நின்றதும் பிள்ளை சிணுங்கியது. ஜெபாவின் மாமனார், ரிட்டயர்டு கண்டக்டர், பேப்பரை மடித்து வீச ஆரம்பித்தார். மீட்டிங் முடிகிறவரை அவர் கை ஓயவில்லை, லேப்டாப்பும் அணையவில்லை. ஜெபா கும்பிட்டே விட்டாள்.

நான்தான் வாய் சும்மா இல்லாமல் அந்தக் கட்டில் விஷயத்தை உளறிவிட்டேன். பெரியவர் கை அந்தரத்தில் நின்றது. மகனை ஒரு பார்வை பார்த்தார். தொட்டில் அசைந்ததும் மறுபடி வீசிக்கொண்டே சொன்னார்: "மருமவ இங்கனயே இருக்கணும், அதுக்காவ நான் வெடிச்சாலும் சரிதான் தம்பி. அடுத்த தடவை மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்."

அன்றிலிருந்து உப்பின பேட்டரியோடு யார் வந்தாலும், அது யார் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்க்ரூடிரைவரையே எடுக்கிறேன்.