குறட்டைக்கு ஒரு சாட்சி

"மேடம், பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டா?"

முருகேசன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஒரகடத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டாக்டர். இங்கே ஸ்கேன் என்றாலே வயிறுதான். கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் அவர் குறட்டைக்காகக் கழுத்து ஸ்கேன் எடுக்க வந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் வயிற்று ஸ்கேன் என்று நினைத்து, வழக்கம்போல ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து உட்கார வைத்துவிட்டாள்.

போய்விட்டு வந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தாடைக்கு அடியில் ஜெல் தடவி புரோபை வைத்தேன். நாக்கின் அடிப்பகுதி எவ்வளவு தடிப்பு, தொண்டைச் சுவர்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்க்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது, இயல்பாக மூச்சு விட வேண்டும். ஆனால் வருஷக்கணக்கில் வயிறு பார்த்த வாய் சும்மா இருக்குமா?

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றேன்.

கூட நின்ற அவர் மனைவி கலா, "தூக்கத்துல அவரே புடிச்சிக்கினுதான் கீறாரு. நீங்க வேற சொல்லிக் குடுக்கணுமா மேடம்?" என்றாள்.

மூவரும் சிரித்துவிட்டோம். திரையில் படம் கலைந்துபோனது.

சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது. "அவருக்கு நைட்டுன்னா எனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் ஒண்ணா வூட்ல கீறோம். அன்னிக்கும், நீயாவது தூங்குன்னு பாயத் தூக்கிக்கினு ஹாலுக்குப் போயிடறாரு. சத்தம் பரவால்ல மேடம். சத்தம் நிக்குது பாருங்க, அப்பதான் பயம். அவரு பக்கத்துல நான் படுக்கணும், அவ்ளோதான்."

மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உள்ளே இழுக்கச் சொன்னபோது, தொண்டைச் சுவர்கள் சட்டென்று நெருங்கின. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதோ என்ற சந்தேகத்தைத்தான் ஸ்கேன் சொல்லும். உறுதி செய்ய, இரவு முழுக்கத் தூக்கத்தைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கலா தன் வயிற்றுவலிக்கு வந்தாள். இந்தத் தடவை தண்ணீர் குடித்தது சரியான ஆள். முருகேசன் இப்போது தொண்டை அடைக்காமல் காற்றைச் செலுத்தும் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறாராம்.

"பாய் உள்ள வந்துடுச்சு மேடம்" என்றாள், வெட்கத்தோடு. "ஆனா வூடு கப்சிப்னு கீது. அவரு நெஞ்சுல கை வெச்சிப் பாத்துக்கினுதான் தூங்குறேன்."

என் கணவர் இருந்தவரை, காலைக் காபியோடு ஒரு கேலி வரும்: "நேத்து லோடு லாரி எந்த ஊருக்குப் போச்சு?" நான் குறட்டையே விடவில்லை என்று சண்டை போடுவேன். அந்தக் கேலியை இன்னொரு தடவை கேட்க முடியாதா என்று இப்போது ஏங்குகிறேன்.

இந்த வேலை கற்றுக்கொடுத்தது இதுதான். குறட்டை விடுகிறவருக்கு அது தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. அதனால் ஸ்கேனுக்கு முன்னால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கலா கேட்டாள், "உங்களுக்குக் கொறட்ட வருமா மேடம்?"

"வந்துச்சும்மா" என்றேன். "இப்ப வருதான்னு சொல்ல ஆள் இல்ல."