அவன் வாசிக்கிற இடம்

உக்கடத்தில் இருக்கும் என் ரெக்கார்டிங் அறைக்கு அவர் கிதாரோடு வந்தபோது கண்களில் தூக்கமே இல்லை. ஊரறிந்த ராக் குழு ஒன்றிலிருந்து, இன்னொரு கிதார்காரரோடு சண்டை போட்டு விலகியவர். இனி எல்லாமே தனியாகத்தான் என்று முதல் தனி ஆல்பத்துக்கு வந்திருந்தார். கீழே பஸ் ஹாரன் அடித்தால் பதிவை நிறுத்த வேண்டும். அப்போதெல்லாம் சுவரில் சாய்ந்துகொள்வார்.

காலடியில் எப்போதும் ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருக்கும். பாதிப் பாட்டைத் தாண்டியதும் வாசிப்பதை விட்டுக் குனிவார், ஒரு மிடறு குடிப்பார், மூடியைத் திருகிவிட்டு மறுபடி வாசிப்பார். அதுவரை முன்பே பதிந்து வைத்திருந்த டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, அந்த எடம் காலியாக் கெடக்குதுங்களே?" என்றேன்.

"அது அவன் வாசிக்கிற எடமுங்க. அப்பத்தான் நான் தண்ணி குடிப்பேன்."

"இப்ப நீங்களே வாசிச்சுப்போடுங்க."

முயன்றார். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் கை தானாகக் கீழே போனது. கடைசியில் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டார்.

"முடியலீங்க. அப்படியே உட்டுப்போடுங்க."

ஆல்பம் அப்படியேதான் வெளிவந்தது. கூர்ந்து கேட்டால் மூடி திருகும் சத்தம்கூடக் கேட்கும். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அந்தப் பாட்டுகளைப் போடும்போதெல்லாம், அந்த இடத்தில் யாரோ வாசிக்கப் போகிறார்கள் என்று நானும் காத்திருக்கிறேன்.