ஒரு வாரம் வந்துபோனவள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையப் பக்கத்தை அடியோடு மாற்றினார்கள். மாணவர்கள் திணறியதால், அதைச் சொல்லிக்கொடுக்க, பக்கத்தை உருவாக்கிய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் ஒரு வாரத்துக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, முகத்தை மறைக்கும் கண்ணாடி. யார் எதைக் கேட்டாலும் முதலில் "அலாமாக்!" என்று மலாயில் வியந்து சிரிப்பாள், பிறகுதான் பதில்.

நூலகரான நானும் புதிய பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து படித்துத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனாலும் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. அவளைச் சுற்றி நாற்காலி போதவில்லை. முதலாண்டிலிருந்து நான் உதவிவந்த முனைவர் பட்ட மாணவிகூட என்னைக் கடந்து அவளிடம் போனபோது வயிறு எரிந்தது.

கடைசி நாள் கேண்டீனில் கேட்டேவிட்டேன்.

"அப்படி என்னதான் சொல்லித் தர்றம்மா? எல்லாரும் ஒங்கிட்டயே ஓடி வர்றாங்க!"

நுரை பொங்கும் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் நாளைக்கு கோலாலம்பூர் போயிருவேன்லா அக்கா. எங்கிட்ட முட்டாத்தனமா கேட்டாலும் அவங்களுக்கு வெக்கமில்ல. ஒங்க மொகத்த தினமும் பாக்கணுமே!"

அது உண்மைதானா, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா, தெரியவில்லை. ஆறுதல்தான் என்றால், அதைக்கூட அவ்வளவு சட்டென்று சொல்ல வந்ததே அவளுக்கு! இன்றும் எனக்குப் பொறாமைதான்.