மகளின் கவச எண்

என் மகள் விளையாடும் விளையாட்டில் கவசத்துக்கு ஓர் எண் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

கல்லூரித் தோழிகள் மூன்று பேரோடு வீடியோ காலில் விளையாடுவாள். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போர்வீரராகவோ மந்திரக்காரியாகவோ இருந்துகொண்டு, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பூதம் கத்தியை வீசினால், அது மேலே பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். விபத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த விளையாட்டில் மட்டும்தான். அதனால் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

விபத்து மூன்று மாதத்துக்கு முன்பு, ராஜபாளையம் சாலையில் நடந்தது. நான் அங்கே ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில்தான் போவேன். அன்று கல்லூரி பஸ்ஸைத் தவறவிட்டதால் அவளும் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு மில் வாசலில் குறுக்கே வந்த சைக்கிளுக்காகப் பிரேக் பிடித்ததில் இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தலையில் அடி. இடது காது இன்றுவரை கேட்கவில்லை.

ஹெல்மெட் நான் மட்டும்தான் போட்டிருந்தேன். வீட்டில் இன்னொன்று இருந்தது. கிளம்பும்போது அவள் அதைக் கையில் எடுத்தாள். "பின்னாடி உக்கார்றவங்களைப் போலீஸ் கேக்காது, வச்சிட்டு வா, நேரமாச்சு" என்று சொன்னது நான்.

அவள் ஏன் ஹெல்மெட் போடவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர் கேட்டபோது, "அவதான் வேண்டாம்னுட்டா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அவளுக்கு அன்று காலை நடந்தது ஞாபகம் இல்லாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு என் மனம் லேசாக ஆறியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதன் பிறகு சாப்பாட்டு நேரங்களில் அவர் அவளைத் திட்டுவதும், அவள் தட்டைப் பார்த்தபடி இருப்பதும் வழக்கமாயின. ஞாபகம் இல்லாமல் பேசாதிருக்கிறாளா, ஞாபகம் வைத்துக்கொண்டே பேசாதிருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

முதல் ஞாயிறு எனக்கு ஒரு போர்வீராங்கனையைக் கொடுத்தார்கள். கவச எண் பதினாறு. முதல் பூதமே என்னிடம்தான் வந்தது. அதற்காக உருட்டிய பகடையில் விழுந்ததும், அதன் பலத்துக்கான எண்ணும் சேர்ந்து பதினாறு.

"பதினாறுக்குப் பதினாறு, சமந்தானே? அப்போ கவசம் தாங்கிருச்சு" என்றேன்.

"இல்லம்மா. சமமா வந்தா அடிக்கிறவன் பக்கந்தான்" என்றாள் மகள்.

"இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்ல. ரூல்."

போனுக்குள்ளிருந்து கதை சொல்லும் பெண், "ஆன்ட்டி, எட்டு பாயிண்ட்தான் போச்சு. இன்னும் உசுரோடதான் இருக்கீங்க, அழுதுறாதீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்த எட்டுல கவசம் எம்புட்டக் குறைச்சுச்சு?"

"ஒண்ணுமே குறைக்காதும்மா. அடி மேல படாமப் பாத்துக்கும், அம்புட்டுதான். பட்டுட்டா முழுசா வாங்கணும். வேற சில கேம்ல அடி எப்பவும் படும், கவசம் கொஞ்சத்தக் கழிச்சுக்கும். பத்து அடிச்சா நாலு கழிஞ்சு ஆறு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

நான் குழப்பித்தான் வைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணித் துணியைத் தரம் பிரிப்போம். எண் கூடினால் துணி அடர்த்தி. கவசமும் அப்படித்தான், எண் கூடக்கூடக் காயம் குறையும் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு விளையாட்டு முடிந்து அவள் பகடைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"அப்போ ஹெல்மெட்டு எந்த வகை?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது. விழாமத் தடுக்காது. விழுந்தா கழிச்சுக்கும்."

"எம்புட்டு கழிச்சிருக்கும்?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. மொத்தமும் கழிஞ்சிருக்கலாம். ஒண்ணும் கழியாமயும் போயிருக்கலாம்." டப்பாவை மூடினாள். "கையில எடுத்தேன்ல. நீ சொன்னேன்னுதான் செருப்பு ஸ்டாண்டு மேல திருப்பி வச்சேன். வார் தொங்குச்சு, அதையும் உள்ள தள்ளிட்டு வந்தேன்."

குரலில் கோபமே இல்லை.

"அப்பா திட்டுறப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா பொறவு ஒன்னையத் திட்டுவாக. எனக்குன்னா பாதிதான் கேக்குது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

கணவர் கொல்லையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவள் எடுத்ததை, நான் வைக்கச் சொன்னதை, ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொன்னதை. மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்காமல், அதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மோட்டார் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசமா அவளை வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். நீ பக்கத்துலயே நின்னு சோறு போட்டிருக்க."

அவர் கால் கழுவிவிட்டு உள்ளே போனார். கொல்லைக் கதவு வழியாகத் தெரிந்த மகளின் அறை திறந்துதான் கிடந்தது. ஆனாலும் வாசலில் நின்று கதவைத் தட்டினார். அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் கொல்லையிலேயே நின்றேன்.